அப்போ எறா?

"எறா வேற, தண்ணி வேற. வரிசையில நில்லு."

நான் சொன்னது இவ்வளவுதான். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனாலும் பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, திரும்பத் திரும்ப வருகிறது.

அன்றைக்குப் பள்ளிச் சுற்றுலா. யுகேஜி பிள்ளைகள் 22 பேர்; நான், இன்னொரு மிஸ், ஆயாம்மா. வரலாறு காலையில், இயற்கை அப்புறம் என்று திட்டம். திருவொற்றியூரில் பட்டினத்தார் கோயில். கையில் வைத்திருந்த பேய்க்கரும்பின் நுனி இனித்த இடத்தில் அவர் அடங்கினார் என்று கதை சொன்னேன். "அந்தக் கரும்பு இப்போ எங்க மிஸ்?" என்று ஆளுக்காள் கேட்டார்கள். ஒரு வழியாகச் சமாளித்து வேனில் ஏற்றி எண்ணூர் முகத்துவாரம் போனோம்.

அலையாத்தி மரங்களைக் காட்டினேன். சேற்றிலிருந்து பென்சில் நட்ட மாதிரி நிற்கும் வேர்கள், அதன் வழியாகத்தான் மரம் மூச்சு விடும் என்றதும் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். அதுவரை நன்றாகத்தான் போனது.

கரைக் கல்லில் கறுப்பாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்ததில் ஒன்றைப் பிய்த்து, "கிளிஞ்சல் பாருங்க" என்றேன்.

"அது காக்கா ஆழி மிஸ். காலக் கிழிச்சிடும். அது வந்தா எறா நிக்காது" என்றான் ஆற்றோரக் குப்பத்துப் பையன். அவன் அப்பா தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி எறா பிடிப்பவர்.

"அப்படியா, சரி" என்று கீழே போட்டுவிட்டேன். அமெரிக்கக் கண்டத்துக் கடலோரச் சிப்பி அது, ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்து, எறா பதுங்கும் சேற்றை மூடிவிடுகிறது என்பதெல்லாம் ராத்திரி வீட்டில் தேடிப் படித்தது. அவனை முன்னால் நிறுத்திப் பேசச் சொல்லியிருக்கலாம். அன்று அங்கே அவன்தான் டீச்சர்.

அதற்குள் ஒரு பெண் குழந்தை தண்ணீரில் கால் வைக்கப் போனாள். "வைக்காத! அழுக்குத் தண்ணி. சாம்பல், எண்ணெய் எல்லாம் கலந்தது" என்று கத்தினேன். எல்லாரும் பின்வாங்கினார்கள். அவன் மட்டும் நின்ற இடத்திலிருந்து கேட்டான்:

"அப்போ எறா, மிஸ்?"

அதற்குத்தான் அந்தப் பதில்.

நான் பொய் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றை மூடியதையும், கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து நின்றதையும் ஊரே பார்த்தது. அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றிக் குப்பத்து மக்களே வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்குச் சொறி வந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான். 'அழுக்கு' என்றது சரிதான். 'எறா வேற, தண்ணி வேற' என்றதுதான் பொய். மரம் சேற்றிலிருந்து பிழைக்கிறது என்று பத்து நிமிஷம் முன்னால் பாடம் எடுத்தவளே நான்தான்.

திரும்பும்போது ஆயாம்மா, "நாமளும் இதத்தானே மிஸ் வாங்கித் தின்றோம்" என்றார். நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுகிற மாதிரி இருந்தேன் என்பதுதான் சரி.

நான்கைந்து நாள் கழித்து அவன் அம்மா கேட்டருகே நின்றார். "எறா தொட மாட்டேங்கிறான் மிஸ். தண்ணி அழுக்குன்னு நீங்க சொன்னீங்களாம். தப்புன்னு சொல்ல வரல. வேற என்ன குடுக்கறது, அதச் சொல்லுங்க."

கடல் எறா கொடுங்களேன் என்றேன். என்ன புத்தியோ.

"அத காசு குடுத்துல்ல வாங்கணும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

'எனக்குத் தெரியலடா, உங்கப்பாவக் கேப்போம்' என்று சொல்லியிருக்கலாமோ? அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அது பதிலா? சில நாள் ஆம் என்று தோன்றுகிறது. சில நாள், சாம்பலும் எண்ணெயும் கொட்டியவர்கள் சொல்ல வேண்டிய பதிலுக்கு நான் ஏன் தவிக்கிறேன் என்று எரிச்சலாக வருகிறது.

இந்த வருஷச் சுற்றுலாப் படிவம் வந்தது. இடம் என்ற கட்டத்தில் இன்னொரு மிஸ் 'பிர்லா கோளரங்கம்' என்று எழுதியிருந்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.