சோழனாகத் தொடங்க நினைத்து அயர்லாந்தில் இறங்கிய கதை

இந்த முறை தீபாவளி வாரக் கடைசியோடு ஒட்டி வந்தது. தள்ளுபடியில் வாங்கி ஆறு மாதமாகத் தொடாமலே கிடந்த 'குருசேடர் கிங்ஸ் 3' என்ற கணினி விளையாட்டைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்தேன். இடைக்கால அரசன் ஒருவனாக நாட்டை ஆள வேண்டும்; அவன் செத்தால் அவன் வாரிசாக ஆட்டம் தொடரும்.

ஆட்டத்தை 867, 1066 போன்ற ஆண்டுகளில் தொடங்கலாம். 1066 என்றால் சோழ நாட்டில் வீரராஜேந்திரன் காலம். வேறென்ன யோசிக்க? பொங்கோலிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகும்போதே கைப்பேசியில் திட்டம் எழுதிவிட்டேன்: முதலில் ஈழம், அப்புறம் ஆந்திரக் கரையோர வேங்கி, கடைசியில் கப்பலேறிக் கடாரம், அதாவது இன்றைய மலேசியாவின் கெடா. 1025-இல் ராஜேந்திரன் செய்ததை நாமும் ஒருமுறை செய்துவிட்டுக் கொஞ்சம் தெற்கே இறங்கினால் நம்ம சிங்கப்பூர்! ஆனால் என்னிடம் இருந்த ஆட்டத்தில் வரைபடம் பர்மா பக்கத்திலேயே முடிந்துவிட்டது. தென்கிழக்காசியா 2025-இல் வந்த விரிவாக்கத்தில்தான் சேர்ந்ததாம்.

அலுவலகத் தம்பி ஒருவன் தேத்தாரிக் குடித்துக்கொண்டே சிரித்தான். "அண்ணே, முதல் ஆட்டத்துலயே பேரரசு வேணாம். அத்தனை சிற்றரசர்களையும் யாரு சமாளிக்கிறது? அயர்லாந்து போங்க."

அவன் சொன்னது சரிதான். ஆட்டத்தின் பயிற்சியே அங்கே, மன்ஸ்டர் என்ற குட்டி நாட்டின் அரசன் மர்க்கட் என்பவனை வைத்துத்தான் நடக்கிறது. சுற்றிலும் அவனைப் போலவே குட்டி அரசர்கள். எதையாவது உடைத்தாலும் பெரிய சேதமில்லை.

முதல் நாள் நன்றாகவே போனது. ஸ்பேஸ் பட்டனை அழுத்தினால் காலம் நின்றுவிடும், அது பெரிய நிம்மதி. பாதிரியாரை விட்டுப் பக்கத்து நாட்டின்மேல் பொய் உரிமை தயார் செய்யச் சொல்ல வேண்டும், அது கைக்கு வந்ததும் போர். இப்படியே தீவில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டேன். கஜானாவில் பொன்னும் சேர்ந்திருந்தது. அயர்லாந்து அரசன் என்ற பட்டத்தை உருவாக்கியிருக்கலாம். இன்னும் ஒரு போர் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

அந்தப் போர் நடக்கும்போதே கிழவர் மர்க்கட் செத்தார்.

திரையில் அவருடைய மூன்று மகன்களின் முகங்கள் வந்தன. இனி நான் மூத்தவன். தொடக்க காலச் சட்டப்படி சொத்து எல்லா மகன்களுக்கும் பங்கு பிரியும். அவர்களுக்கு மேலே ஓர் அரசர் பட்டம் இருந்திருந்தால் தம்பிகள் இருவரும் எனக்கு அடங்கிய சிற்றரசர்களாக இருந்திருப்பார்கள். அது இல்லாததால் ஆளுக்கொரு தனி நாடு. நான் நாற்பது வருடம் சேர்த்ததில் மூத்தவன் கையில் மன்ஸ்டர் மட்டும் மிச்சம். ஊர்ப்பக்கம் பாகப்பிரிவினை பார்த்து வளர்ந்தவனுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும்.

போர் எப்படியும் வரும், சாவும் எப்படியும் வரும். நான் முதலாவதுக்கு மட்டுமே திட்டம் போட்டிருந்தேன். நிஜச் சோழர் கதையும் இங்கேதான் திரும்பியது. 1070-இல் வீரராஜேந்திரன் இறந்தான், அவன் மகன் அதிராஜேந்திரன் அதே ஆண்டிலேயே கொல்லப்பட்டான். அரியணை ராஜேந்திரனின் மகள் வழிப் பேரன், வேங்கியிலிருந்து வந்த குலோத்துங்கனுக்குப் போனது. அப்பன் வழியில் சாளுக்கியன்! மகளை எங்கே கட்டிக் கொடுக்கிறோம் என்பதுகூடத் திட்டத்தில் இருக்க வேண்டும் போல.

நேற்று இரவு சோழனைத் தொடங்கினேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு படைகூடக் கிளம்பவில்லை, வாரிசுப் பட்டியலையே நோண்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி திரையை எட்டிப் பார்த்து, "இன்னைக்கு யாருக்குங்க கல்யாணம்?" என்றாள்.