சீஆர்-இசட்டுக்குப் பெட்டி கொழுவின கதை

காரின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு "ரெண்டு ஓட்டை போட்டாக் காணும் அண்ணை" என்று யாராவது ட்ரில்லைக் கையில் எடுத்தால், முதலில் அவருடைய கையைப் பிடியுங்கள். மிச்சத்தைப் பிறகு கதைக்கலாம்.

என்னிடம் இருப்பது 2011 ஹொண்டா சீஆர்-இசட். இரண்டு கதவு. பின்னால் பேருக்கு ஒரு சீட், அதில் பள்ளிக்கூடப் பை மட்டும் வசதியாக இருக்கும். கிளிநொச்சியில் இப்படி ஒன்றை வைத்திருப்பவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. அப்பா இன்றைக்கும் இதில் ஏறும்போது "கிணத்துக்குள்ள இறங்கிற மாதிரிக் கிடக்கு" என்பார். கல்யாணத்துக்கு முன் ஆசைப்பட்டு வாங்கியது, விற்க மனம் வரவில்லை.

மனைவியும் நானும் கோயில் திருவிழாக்களில் சர்பத் கடை போடுகிறோம். ஒவ்வொரு முறையும் சாமான் ஏற்றப் பட்டா என்கிற சின்ன லொறியைப் பிடித்தால் லாபத்தில் பாதி வாடகைக்கே போய்விடும். சொந்தமாக ஒரு பட்டா வாங்கு என்று சொல்லாத ஆள் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பட்டாவுக்கு விலை கேட்டுப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் வாங்கவில்லை என்று விளக்கத் தேவையில்லை. அதனால்தான் இந்த யோசனை: உழவு இயந்திரத்துக்குப் பின்னால் வருகிற பெட்டியின் குட்டி மாதிரி ஒன்றை எடுத்துக் காரில் கொழுவுவோம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஏழு வாரம் இருந்தது. ஒரு இரும்புத் துண்டைப் பூட்ட ஏழு வாரம் தாராளம் என்று நினைத்தேன்.

முதலில் பெட்டி. விசுவமடுப் பக்கம் ஒன்று பார்த்தேன். அச்சு நேராக இருந்தது, துருவும் அவ்வளவாக இல்லை, விலையும் படிந்தது. "புத்தகம் எங்கே ஐயா?" என்று கேட்டேன். "அது முள்ளிவாய்க்காலோட போட்டுது தம்பி" என்றார். அதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன கேட்பது? தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஆனால் உங்களுக்குச் சொல்கிறேன், பெட்டிக்கும் தனியாகப் பதிவு வேண்டும், அதற்கென்று இலக்கமும் புத்தகமும் உண்டு. புத்தகம் இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கடைசியில் வவுனியாவில், புத்தகத்தோடு, 110 கிலோ எடையில் ஒன்று கிடைத்தது. எடையையும் சும்மா சொல்லவில்லை. பி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 250 கிலோவுக்கு மேற்படாத வெற்று எடையுள்ள பெட்டியைத்தான் காரோடு சேர்த்து ஓட்டலாம்.

காப்புறுதிக்காரரிடம் மூன்று தரம் போனேன். முதல் தரம் மேசையில் இருந்த தம்பி என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உழவு இயந்திரத்துக்கு எண்டா படிவம் இருக்கு. காருக்குப் பெட்டி எண்டு கணினியில வருதில்லை." இரண்டாம் தரம் கராஜ் கடிதம் கேட்டார். மூன்றாம் தரம் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கிற இலக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் கேட்டார். இதில் அவரைப் பேச எனக்கு வாயில்லை. அந்த இலக்கத்துக்கு மேலே நானே இரண்டு பூச்சு நீலப் பெயின்ற் அடித்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்ணெண்ணெயும் அரத்தாளும் வைத்துச் சுரண்டினேன். வர்ணம் பூசுகிற ஆசை வந்தால் இலக்கத்தின் மேல் ரேப் ஒட்டிவிட்டுப் பூசுங்கள்.

இனிக் கொழுக்கி. அமெரிக்காவில் இந்தக் காருக்கென்றே செய்த கொழுக்கிச் சட்டம் விற்கிறது, அங்கே பெரும்பாலும் சைக்கிள் ஏற்றத்தான் வாங்குகிறார்கள். இங்கே எடுப்பித்தால் சாமானை விடக் கூலி கூட. சரி, படத்தைப் பார்த்துச் செய்விப்போம் என்று ஒரு கராஜில் விட்டேன். ட்ரில் கதை நடந்தது அங்கேதான்.

இது ஹைபிரிட் கார். பின்னால் சாமான் வைக்கிற தட்டுக்குக் கீழே பெரிய பற்றரி கிடக்கிறது, 2011 மொடலில் 100 வோல்ட். அதிலிருந்து செம்மஞ்சள் நிற வயர் காரின் அடிப்பக்கமாக முன்னுக்குப் போகிறது. கீழே படுத்திருந்தவருக்கு அது தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஓட்டை போட வசதியான தட்டையான தகடு. நான் ஓடிப்போய் டிக்கியைத் திறந்து, தட்டைத் தூக்கி, பற்றரிப் பெட்டியில் ஒட்டியிருந்த மின்னல் அடையாளத்தைக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர் ட்ரில்லை நிலத்தில் வைத்துவிட்டு இரண்டடி பின்னுக்குப் போனார். "அண்ணை, இது கார் இல்லை, ட்ரான்ஸ்போமர். வேற ஆளைப் பாருங்கோ." கோபம் வந்தது, ஆனால் நேர்மையான மனிதர். தெரியாததைத் தெரியாது என்றார்.

அடுத்துப் போனது பரந்தன் பக்கம், உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு ஒட்டுவேலை செய்யும் ஒரு ஐயாவிடம். காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார், குனிந்தார், ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பிஸ்கற் மட்டைப்பெட்டியைக் கொண்டு வந்தார். பம்பரைக் கழற்றச் சொன்னார். (பதின்மூன்று வருஷத்துப் பிளாஸ்டிக் கிளிப்புகள் அப்பளம் மாதிரி நொறுங்கும். கழற்ற முதலே ஒரு பை கிளிப் வாங்கி வையுங்கள். நான் வாங்கவில்லை, ஒரு கிழமை பம்பரைக் கம்பியால் கட்டிக்கொண்டு திரிந்தேன்.) பம்பருக்குள்ளே குறுக்காக ஒரு இரும்புத் தாங்கி இருக்கும். அது இரண்டு பக்கமும் காரின் சட்டத்தோடு போல்ற்றில் பூட்டியிருக்கும். ஐயா மட்டையை அந்த முனையில் வைத்து அழுத்தினார். போல்ற்றின் அடையாளம் மட்டையில் வட்டமாக விழுந்தது. அந்த வட்டத்தைப் பேனையால் சுற்றிக் கீறினார். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மட்டை. பிறகு 6 மில்லிமீட்டர்த் தகடு, நடுவில் சதுரக் குழாய். ஒட்டுவேலை முழுக்கக் கொட்டிலுக்குள், காருக்குக் கிட்டவே கொண்டுவரவில்லை. காரில் புதிதாக ஒரு ஓட்டையும் இல்லை, இருந்த ஓட்டைகளிலேயே பூட்டினார். கடைப் பெடியன் தந்த போல்ற்றுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டார். "தலையில 8.8 எண்டு இருக்கோணும். இது கேற்றுக்குப் போடுற சாமான்."

இவ்வளவும் இரண்டு நாளில் முடிந்தது. என் கெட்ட காலம் தொடங்கியது அந்த உருண்டையில்.

கொழுக்கியின் உருண்டையை வவுனியாவில் ஒரு கடையில் வாங்கியிருந்தேன். உருண்டை உருண்டைதானே என்று நினைத்தேன். பெட்டியின் மூக்கில் இருக்கிற கப்புக்குள் அது அழகாகப் போனது, பூட்டும் விழுந்தது. நான் கிளம்பத் தயார். ஐயா பெட்டி மூக்குக்குக் கீழே ஜாக்கை வைத்து மெல்ல மெல்ல ஏற்றினார். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பியது. ஒரு அங்குலம், இரண்டு அங்குலம். டக். பெட்டி மேலே, கார் கீழே. பூட்டு பூட்டியபடியே இருந்தது!

உருண்டையின் உச்சியைத் துடைத்துப் பார்த்தால் அதில் அடித்திருந்தது ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது 47.6 மில்லிமீட்டர். பெட்டிக் கப்பில் 50. வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர் கூட இல்லை. ஏ9 வீதியில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியிருந்தால் பெட்டி தன் வழியில் போயிருக்கும், எதிரே வந்த பஸ்காரர் பாவம். கடைக்காரர் நான் கேட்டதைத் தந்தார், நான் அளவைக் கேட்கவில்லை. ஆனால் திருப்பிக் கொண்டுபோனபோது "கிறீஸ் பூசின சாமான் எடுக்கிறேல்லை" என்று முகத்தைத் திருப்பியதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. போக வர 150 கிலோமீட்டருக்கு மேல், இரண்டாவது உருண்டைக்கும் முழுக்காசு. முதல் உருண்டை இப்போது எங்கள் வாசல் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. நீங்கள் இரண்டு இலக்கத்தையும் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பூட்டிய பிறகு ஜாக் வைத்துப் பார்க்காமல் வீதியில் இறக்க வேண்டாம்.

அப்புறம் லைட். பெட்டியில் முன்பு வேலை செய்தவர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருந்தார், ஐந்தும் சிவப்பு. ஏழு முள் பிளக்குக்கு ஒழுங்கான முறை உண்டு: மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிறேக், கபிலம் வலது பின் லைட், கறுப்பு இடது பின் லைட், நீலம் பனி லைட், வெள்ளை எர்த். அதன்படி எல்லாவற்றையும் மாற்றினேன். பகலில் வேலை செய்தது. பெட்டியைக் கழற்றி, உருண்டைக்குக் கிறீஸ் பூசி, திரும்பக் கொழுவிய அன்று இரவு பேய் பிடித்தது. பிறேக்கை மிதித்தால் சிக்னல் மங்கலாக எரிகிறது. சிக்னல் போட்டால் பின் லைட் கண் சிமிட்டுகிறது. பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை மாற்றச் சொன்னார்கள். பல்ப் மாற்றினேன், பிளாஷர் மாற்றினேன், மூன்று பின்னேரம் போனது. கடைசியில் மனைவிதான் டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தவள், "இந்த வெள்ளை வயர் ஏன் சும்மா தொங்குது?" என்று கேட்டாள்.

எர்த்துக்கான வெள்ளை வயரை நான் முறுக்கவே இல்லை. அதுவரை எர்த் போனது உருண்டை வழியாக, இரும்போடு இரும்பு உரசி. கிறீஸ் பூசியதும் அந்த வழி அடைபட்டது. கரண்ட் திரும்பப் போக வழி தேடி மற்ற பல்புகளுக்குள்ளால் போயிருக்கிறது. பெயின்றைச் சுரண்டி, வெறும் இரும்பில் வெள்ளை வயரை முறுக்கினேன். பேய் போய்விட்டது. மூன்று நாள் டோர்ச் பிடித்ததற்குக் கூலியாக அவள் இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது சாமான் ஏற்றி ஓடிப் பார்த்தேன். 55 கிலோமீட்டர் வேகம் வந்ததும் பெட்டி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. பிறேக்கை அமத்தத்தான் கால் போகும், அமத்தக் கூடாது. அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்ரியரிங்கை நேரே பிடித்துக்கொண்டிருந்தேன், தானாக அடங்கியது. வீட்டுக்கு வந்து, அக்கராயன் வயலிலிருந்து அப்பாவின் நெல்லு நிறுக்கிற தராசைக் கொண்டு வந்து பெட்டியின் மூக்கை அதன் மேல் வைத்தேன். மொத்தம் 240 கிலோ, மூக்கில் 6 கிலோ! ஐஸ் பெட்டி இரண்டையும் நான் கதவுப் பக்கமாக, இறக்க வசதியாக, கடைசியில் வைத்திருந்தேன். அவற்றை அச்சுக்கு முன்னால் தள்ளி வைத்ததும் மூக்கில் 22 கிலோ வந்தது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட மூக்கில் நிற்க வேண்டும். அதன் பிறகு ஒரு ஆட்டமும் இல்லை. அப்பா தராசுக்குப் பக்கத்தில் நின்று, நெல்லுக்கு வந்த யாவாரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரதேச சபையில் கடைக்கு இடம் எடுத்தது ஒரு காலையில் முடிந்தது. வற்றாப்பளைக்கு விடியப் புறப்பட்டோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, மாங்குளத்தால் திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை. வீதி மட்டமானது, கார் இழுத்தது. நெடுக இழுத்தால் பற்றரிக் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கும், இறங்கியதும் கார் களைத்த மாடு மாதிரி ஆகும். அவசரப்படாமல் 50 இல் போனால் பிரச்சினை இல்லை. கோயிலுக்குக் கிட்ட கிரவல் ஒழுங்கையில் ஒரு மதகில் மட்டும் கொழுக்கிச் சட்டம் "கர்ர்" என்று உரசியது. இறங்கிப் பார்த்தேன். பெயின்ற்தான் போயிருந்தது.

கடைக்குக் குறித்த இடத்துக்குப் பெட்டியைப் பின்னால் விட வேண்டியிருந்தது. ஸ்ரியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் பெட்டி வலப்பக்கம் போகிறது. சின்னப் பெட்டி, கண் மூடித் திறப்பதற்குள் மடங்கிவிடும். நாலு தரம் முயன்றேன். பின்னால் காவடிக்காரர் வரிசை கட்டி நின்றார்கள், பறைமேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்துக் கச்சான் கடை அண்ணை எழும்பி வந்து, "தம்பி, கழட்டு" என்றார். கழற்றினோம். இரண்டு பேருமாகக் கையால் தள்ளிக்கொண்டுபோய் இடத்தில் வைத்தோம். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.