ராத்திரி இரண்டரை மணி டீ

எங்கள் ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். தினம், கணம், ராசி, ரஜ்ஜு எல்லாம் பிரமாதம் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்த தாளை அப்பா இன்னும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆனால் உயரம், தூக்கம், பேச்சு மூன்றையும் எந்த ஜோசியரும் பார்ப்பதில்லை. எங்களுக்கு இடித்தது சரியாக அந்த மூன்றில்தான்.

நான் அம்பத்தூரில் வளர்ந்தவள். அமெரிக்க கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் சப்போர்ட், கொரோனாவில் ஆரம்பித்து இன்றுவரை வீட்டிலிருந்தே வேலை, சாயங்காலம் ஐந்தரைக்கு லாகின் செய்தால் ராத்திரி இரண்டரைக்குத்தான் எழுந்திருக்க முடியும். என் கணவர் தூத்துக்குடி. பி.காம். முடித்துவிட்டு மாமாவோடு சேர்ந்து உப்பளத்தைப் பார்த்துக்கொள்கிறார். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளைப் பரப்பைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் விடிவதற்கு முன்பே ஆட்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். அதனால் இவர் இரண்டரை மணிக்கே எழுந்து, ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். போதாக்குறைக்கு நான் அவரைவிட மூன்று அங்குலம் உயரம். கல்யாணத்தில் போட்டோகிராபர் எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்து, "சார், இதுல ஏறி நில்லுங்க" என்றார். இவர் மறுபேச்சு பேசாமல் ஏறி நின்றார். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் என் பட்டுப்புடவை கொசுவத்தை இழுத்துவிட்டு அந்தப் பலகையை மறைத்திருக்கிறார்கள், இரண்டு படத்தில் மட்டும் மறைக்க மறந்துவிட்டார்கள். அந்த இரண்டும்தான் எனக்குப் பிடித்தவை.

2023 தை மாசம் கல்யாணம். உப்பு சீசன் தொடங்கும் நேரம். நான் பத்து வார்த்தை பேசினால் அவரிடமிருந்து ஒரு "ம்" வரும், அதுவும் சில சமயம் வராது. அத்தையிடம் கேட்டால், "அவன் சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான்ம்மா" என்பார். என் அம்மா போனில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பாள். இந்த அட்ஜஸ்ட் என்பதைப் பெண்ணிடம் மட்டும் சொல்வதில் எனக்கு இன்றும் கடுப்புதான், அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம்.

மாற்றம் எப்படி வந்தது என்றால், யாரும் அட்ஜஸ்ட் செய்யாமல்தான் வந்தது. நான் வேலை முடித்து லேப்டாப்பை மூடும்போது அவர் எழுந்து வருவார். எனக்கு நாள் முடிகிற நேரம், அவருக்குத் தொடங்குகிற நேரம். முதலில் டீ போட்டது அவர்தான், தனக்குப் போடும்போது கூடவே எனக்கும் ஒரு டம்ளர், இஞ்சி தட்டிப் போட்டு. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சமையல்கட்டுத் திண்டில் உட்கார்ந்து நான் அன்றைக்கு எவன் என்னைக் கத்தினான் என்று புலம்புவேன். அவர் உப்பைப் பற்றி மட்டும் பேசுவார், ஆனால் பேசுவார்! கடல் தண்ணீரின் அடர்த்தி மூன்று டிகிரிதான் இருக்கும், அது வெயிலில் வற்றி 25-க்கு வந்தால்தான் உப்பு பிடிக்கும், 29-ஐத் தாண்டவிட்டால் கசப்பு ஏறிவிடும், அதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் அந்த அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, வாத்தியார் மாதிரி, எனக்கு ராத்திரி இரண்டே முக்காலுக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன் அவர்.

ஆனாலும் அதைக் காதல் என்று அப்போது நான் நினைக்கவில்லை. டீ நல்லா இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் டிசம்பர் 17, 18 மழை தென் மாவட்டக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. எனக்கு வேலையில்லை, அவருக்கு அளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பனையோலை போட்டு மூடி வைத்திருந்த உப்பு அம்பாரத்தில் பாதிக்கு மேல் இல்லை. "கரைஞ்சு போச்சு" என்றார். கால் கழுவிவிட்டு, அத்தை வைத்த ரசஞ்சோற்றைச் சாப்பிட்டு, பட்டப்பகலில் படுத்துத் தூங்கினார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை, பயமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், மெழுகுவத்தியைக்கூட மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அணைத்துவிட்டு, கும்மிருட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் திடீரென்று, "உன்னைப் பார்க்க வந்த அன்னைக்கு நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றார். மெட்ராஸ் பிள்ளை, இங்கே வந்து இருக்காது, உயரம் வேறு, நமக்கு எதற்கு என்று அம்மாவிடம் சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் நானும் அன்றைக்கு ராத்திரியே அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

"அப்போ யார்தான் சரின்னு சொன்னது?"

"எங்க அம்மாவும் உங்க அப்பாவும்."

"அப்போ அவங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் நம்மள மாட்டிவிட்டாங்க."

"ம்" என்றார், பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து அத்தை, "என்னலே அங்க சத்தம்?" என்று கேட்டார். உப்பு போன வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அவரும்தான் என்ன நினைப்பார், பாவம்.

இதைப் படித்துவிட்டுப் பெரியவர்கள் பார்த்து வைக்கிற கல்யாணம்தான் உசத்தி என்று யாரும் கிளம்ப வேண்டாம். பத்துக்கு ஒன்பது பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்து, இப்போது குடும்ப நீதிமன்றத்துக்கு அலைகிற தோழி எனக்கு இருக்கிறாள். எங்களுக்கு வாய்த்தது, அவளுக்கு வாய்க்கவில்லை.

போன மாதம் ஆபீசில் பகல் ஷிஃப்ட் தருகிறோம் என்றார்கள். சொந்தக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம், இனியாவது புருஷன் பெண்டாட்டி ஒரே நேரத்தில் தூங்கி எழுந்திருப்பார்கள் என்று. நான் வேண்டாம் என்று மெயில் போட்டுவிட்டேன். ஏன் என்று இவருடைய தாய்மாமா வீட்டுக்கே வந்து விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்: "அவ ராத்திரி தூங்கிட்டா நான் யார்கூட டீ குடிக்கிறது மாமா?"

மாமாவுக்குக் கோபம். இதெல்லாம் குடும்பம் நடத்துகிற லட்சணமா என்று அத்தையிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.