இறுகாத சிலிக்கோனும் ஐந்து நாள் தடையுத்தரவும்

ஐந்தாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தேன். கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்தது. விரலை எடுத்தபோது சூயிங்கம் போல நூல் நூலாகக் கூடவே வந்தது. குளியலறைக் கண்ணாடித் தடுப்பின் அடியில் நான் பூசியிருந்த சிலிக்கோன் சீலன்ட் அது, தண்ணீர் கசியாமல் இடுக்கை அடைக்கும் பசை. 24 மணி நேரம் போதும் என்று டியூபில் அச்சிட்டிருந்தார்கள். அதை நம்பி, யாரும் உள்ளே போகக்கூடாது என்று தடை போட்டிருந்தேன். வீட்டில் கிடைத்த வசவுகளை இங்கே எழுத இடம் போதாது.

செய்த முட்டாள்தனங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 'காய்வது' என்று சொல்லிச் சொல்லியே நாம் ஏமாந்துபோகிறோம். இந்தப் பசை காய்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. பூசிய சில நிமிடங்களில் மேலே மெல்லிய தோல் கட்டும். பிறகு வெளியிலிருந்து உள்நோக்கி, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆழம் இறுகும். எனக்கோ அந்தத் தோலே கட்டவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மூன்றாம் நாள், அதே டியூபில் மிச்சமிருந்ததை அந்தப் பிசுபிசுப்பின் மேலேயே பூசினேன். சுரண்ட வேண்டியது இரட்டிப்பானதுதான் மிச்சம்.

விற்றவரிடம் டியூபைக் கொண்டுபோனேன். "வெளியே மழை, அதனால்தான்" என்றார். ஈரம் இருந்தால் விரைவாக அல்லவா இறுக வேண்டும்? பேசிக்கொண்டே டியூபைத் திருப்பினேன். விலைச்சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பியதும் அடியில் தேதி தெரிந்தது. காலாவதியாகி 14 மாதம். திறந்த டியூபைத் திரும்ப வாங்க மாட்டாராம்.

இறுகாத சிலிக்கோனை எடுப்பது தனித் தண்டனை. ஈரத்துணியால் துடைத்தேன், டைல்ஸ் முழுவதும் இழுவிக்கொண்டது. தண்ணீரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, ஒவ்வொரு வழிப்புக்கும் புது டிஷ்யூ எடுத்துத் துடைக்க வேண்டும். மூலைகளுக்குப் பல்குச்சி. நூலாக நிற்பதன் மேல் மாஸ்கிங் டேப்பை அழுத்தி வெடுக்கென்று உரித்தால் பாதி அதோடு வந்துவிடும். இது நானே கண்டுபிடித்தது, கொஞ்சம் பெருமைதான். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத படலத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். ஜன்னல் திறந்திருக்கட்டும், நெருப்பு அருகில் வேண்டாம். இந்தப் படலத்தை விட்டுவிட்டால் புதுப் பூச்சு ஒட்டாது.

புது டியூபைத் தேதி பார்த்தே வாங்கினேன். அதையும் நம்பவில்லை. ஒரு பிளாஸ்டிக் மூடியில் கோடு இழுத்து இரவு முழுவதும் வைத்தேன். காலையில் ரப்பர் போல உரிந்து வந்த பிறகுதான் கண்ணாடிப் பக்கம் போனேன். இது வினிகர் வாடை அடிக்கும் வகை. கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் ஒத்துவரும். மார்பிளோ பித்தளையோ என்றால் அந்த வினிகர் வாடை இல்லாத நியூட்ரல் வகை கேளுங்கள்.

பூசியது பத்து நிமிட வேலை. மறுநாள் அழுத்திப் பார்த்தேன், ரேகை பதியவில்லை. இடது மூலையில் மட்டும் ஒரு தலைமுடி உள்ளே சிக்கியிருக்கிறது. அதை எடுப்பதாக இல்லை.