22 மில்லிவோல்ட்டில் நிறுத்த நான் பட்ட பாடு

மாஸ்ஃபெட் (கேட் என்ற காலில் கொடுக்கும் வோல்ட்டேஜால் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்) போட்டு ஆடியோ ஆம்ப் கட்டுகிறவர்கள் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பார்கள்: "சாதா டிரான்சிஸ்டர்தான் சூடாகச் சூடாகக் கரண்டை ஏற்றிக்கொண்டே போய் எரியும், மாஸ்ஃபெட் சூடானால் தானே அடங்கிவிடும்." நானும் அதை நம்பித்தான் இறங்கினேன். ஐஆர்எஃப்பி240, ஐஆர்எஃப்பி9240 என்று மாஸ்ஃபெட் ஒரு ஜோடி. சப்ளை பிளஸ் மைனஸ் 35 வோல்ட். சோர்ஸ் காலில் ஆளுக்கு ஒரு 0.22 ஓம் ரெசிஸ்டர். பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் ஓடவிடும் கரண்ட், 100 மில்லிஆம்பியர்; அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வைத்தால் 22 மில்லிவோல்ட் வர வேண்டும்.

தானே அடங்கும் என்ற நம்பிக்கையில், பயாஸ் வோல்ட்டேஜை அமைக்கும் பிடி139 என்ற சாதா டிரான்சிஸ்டரை (சூடானால் அது அந்த வோல்ட்டேஜைக் குறைக்கும்) மாஸ்ஃபெட்டுகளின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கில் மாட்டாமல் போர்டிலேயே விட்டுவிட்டேன். பயாஸைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட் ரெசிஸ்டரை மெதுவாகத் திருகி 22-இல் நிறுத்தினேன். பாட்டு எதுவும் போடவில்லை. ஐந்து நிமிடத்தில் 27. பத்தில் 35. ஹீட்சிங்க்கில் கை வைக்க முடிகிற சூடுதான், ஆனால் மீட்டர் நிற்கிற மாதிரி தெரியவில்லை. 52-ஐத் தாண்டியதும் ஸ்விட்சை அணைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி டேட்டாஷீட்டை எடுத்து உட்கார்ந்தேன். கேட் வோல்ட்டேஜுக்கு எவ்வளவு கரண்ட் ஓடும் என்று காட்டும் கிராஃபில் இரண்டு கோடுகள் இருக்கும்: ஒன்று 25 டிகிரிக்கு, இன்னொன்று 150 டிகிரிக்கு. இரண்டும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அந்த இடத்துக்கு மேலே, சூடு ஏறினால் கரண்ட் குறைகிறது. ஊரில் சொல்லும் பேச்சு அங்கே உண்மை. கீழே, சூடு ஏறினால் கரண்டும் ஏறுகிறது. மாஸ்ஃபெட்டுக்குள் இரண்டு காரியம் சேர்ந்து நடப்பதுதான் காரணம். சூட்டில் அது திறந்துகொள்ளும் வோல்ட்டேஜ் டிகிரிக்குச் சுமார் 5 மில்லிவோல்ட் இறங்குகிறது. அதே சூட்டில் எலக்ட்ரான்கள் ஓடுவதும் மந்தமாகிறது. கரண்ட் குறைவாக இருக்கும்போது முதலாவது ஜெயிக்கிறது, அதிகமாக இருக்கும்போது இரண்டாவது. இந்த வகை மாஸ்ஃபெட்டில் வெட்டும் இடம் பல ஆம்பியரில் இருக்கிறது. நாம் நிறுத்துவதோ 0.1 ஆம்பியரில். பல ஆம்பியர் ஓடும் ஸ்விட்ச்சிங் சப்ளைக்குப் பொருந்துகிற பேச்சை ஆடியோவுக்கு அப்படியே எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

சரி, பிடி139-ஐக் கழற்றி, மைக்கா, பேஸ்ட் எல்லாம் போட்டு, இரண்டு மாஸ்ஃபெட்டுக்கும் நடுவே ஹீட்சிங்க்கில் திருகினேன். இப்போது மீட்டர் எதிர்ப்பக்கம் போனது. 22-இல் தொடங்கி கால் மணி நேரத்தில் 9. பாட்டைச் சத்தமாக அரை மணி ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால் 5. எரியாது என்பதால் இதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு மனசு வரவில்லை. டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டர்) சின்ன சைன் அலையைக் கொடுத்து ஸ்கோப்பில் பார்த்தேன். அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் பயாஸ் போதாமல் லேசாக ஒரு மடிப்பு. தவில் தனி முழங்கி முடிந்து, அதற்கடுத்து மெல்லிய வீணை வரும்போதுதான் ஆம்ப் இந்த நிலையில் இருக்கும். சுத்தமாகக் கேட்க வேண்டிய இடமே அதுதானே.

கணக்குப் போட்டால் காரணம் பளிச்சென்று தெரிகிறது. இரண்டு கேட்டுக்கும் நடுவே வேண்டியது சுமார் 7.7 வோல்ட். பிடி139 தன்னுடைய 0.6 வோல்ட்டை ஏறக்குறைய 13 மடங்காக்கித்தான் அதைத் தருகிறது. 0.6 வோல்ட் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் சொச்சம் இறங்கும். 13 மடங்கில் அது 28 ஆகிவிடுகிறது. மாஸ்ஃபெட் ஜோடிக்கு வேண்டியது 10, 11 மட்டும்தான். தேவையைப் போல இரண்டரை மடங்கு.

அதனால் 7.7-ஐ இரண்டாகப் பிரித்தேன். 4.7 வோல்ட் ஜீனர் (ஒரே வோல்ட்டேஜைப் பிடித்து நிறுத்தும் டயோடு) ஒன்று போர்டில். அது சூட்டுக்கு அவ்வளவாக அசையாது. மீதி 3 வோல்ட்டை மட்டும் ஹீட்சிங்க்கில் இருக்கும் பிடி139 கொடுக்கட்டும். 5 மடங்கு, டிகிரிக்கு 11. ரெசிஸ்டர் ஒன்றை மாற்றி, ஜீனரைச் சீரிஸில் சால்டர் செய்ய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி 22-இல் நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் 24. அரை மணியில் 23. சத்தமாக ஓடவிட்டு நிறுத்தியதும் 26 வரை ஏறி, இரண்டு நிமிடத்துக்குள் 22-க்கு இறங்கி வந்தது. அந்தச் சின்ன ஏற்றம் இருக்கத்தான் செய்யும்: சூடு சிப்பிலிருந்து ஹீட்சிங்க் வழியாக பிடி139-க்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஹிட்டாச்சியின் 2எஸ்கே1058, 2எஸ்ஜே162 ஜோடியை ஆடியோக்காரர்கள் ஏன் இன்னும் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்பது இப்போதுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது. அவை லேட்டரல் வகை, அதாவது சிப்பில் கரண்ட் பக்கவாட்டில் ஓடுகிறவை. அவற்றில் கோடுகள் வெட்டும் இடமே 100 மில்லிஆம்பியர் பக்கத்தில் இருக்கிறது. பயாஸை அங்கேயே நிறுத்தினால் ஹீட்சிங்க்கில் டிரான்சிஸ்டர் மாட்டும் வேலையே இல்லை; கேட்டுகளுக்கு நடுவே ஒரு பிரீசெட் போதும். ஆனால் ஐஆர்எஃப்பி போர்டில் அதைத் தூக்கி அப்படியே மாட்டக் கூடாது. நடுக்கால் ஐஆர்எஃப்பியில் டிரெயின், ஹிட்டாச்சியில் சோர்ஸ்.

நேற்று மதியம், அறையில் 35 டிகிரி இருக்கும்போது, ஃபேனையும் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். 23-ஐ விட்டு அசையவில்லை. அடுத்து இரண்டாவது சேனலுக்கும் இதே ஜீனர். அப்புறம் பெட்டியின் மூடியைப் போட்டுத் திரும்ப அளக்க வேண்டும்.