சாக்கடைக்கு வழி பார்த்துவிட்டு ஊர் கட்டுங்கள்

தங்கச்சி மகன் லீவுக்குப் பாளையங்கோட்டை வந்திருந்தபோது என் லேப்டாப்பில் ஏற்றிவிட்டுப் போன விளையாட்டு 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்'. பின்லாந்து நிறுவனமான கொலாசல் ஆர்டர் உருவாக்கி 2015-இல் வந்தது. வெறும் நிலம், ஒரு ஆறு, ஓரமாக ஒரு நெடுஞ்சாலை, கையில் 70,000 பணம். இதை வைத்து நகரம் கட்ட வேண்டும். 2023-இல் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. ஆனால் நான் இங்கே சொல்வதெல்லாம் முதல் பாகத்தைப் பற்றித்தான்.

அவன் கட்டி வைத்திருந்த ஊரைத் திறந்து பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கட்டம் கட்டமாகத் தெருக்கள், நடுவில் பூங்கா. ஆனால் ஆற்றுத் தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது, பாதி வீடுகளின் மேல் நோய்க்குறி, மண்டையோட்டுக் குறி, நெடுஞ்சாலை இறங்கும் இடத்தில் லாரிகள் அசையாமல் நின்றன. வீடுகளில் குறை ஒன்றும் இல்லை. ஊரிலிருந்து வெளியே போக வேண்டியவை எதுவும் போகவில்லை. சாக்கடை, குப்பை, சரக்கு லாரி, பிணம் இவை எல்லாவற்றுக்கும் வழி வைத்துவிட்டு அதன் பிறகு வீடு கட்டினால் இந்த விளையாட்டு சுலபம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்.

புது ஊர் தொடங்கும்போதே இடதுபக்கப் போக்குவரத்து என்ற தேர்வு இருக்கும். அதைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நம் கண்ணுக்கு வண்டிகளெல்லாம் எதிரே வருவது போலவே இருக்கும். அடுத்து ஆட்டத்தை நிறுத்தி வையுங்கள். நிறுத்தின நிலையிலேயே சாலை, குழாய், மின்கம்பி எல்லாம் போடலாம். கடிகாரம் ஓடினால்தான் பராமரிப்புச் செலவு பிடிக்கும்.

நான் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். கன்னடியன் கால்வாயில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டர் திறப்பதும் அடைப்பதுமாகவே காலம் போனது.

"ஏல, இதுல தண்ணி எந்தப் பக்கமா ஓடுது?"

"தெரியலப்பா."

"அதப் பாக்காம என்னத்த ஊரு கெட்டுத?"

சரியான கேள்வி. நீரேற்று நிலையத்தை எடுத்து ஆற்றங்கரையில் வைக்கப் போனால் தண்ணீர் ஓடும் திசையை அம்புக்குறிகள் காட்டும். நீரேற்று நிலையம் மேல்பக்கம், கழிவுநீர் வெளியேற்றும் குழாய் கீழ்பக்கம். தாமிரபரணிக்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஆற்றின் மேல்பக்கம் பாபநாசத்தில் குடிக்கிற தண்ணீரும் கீழ்பக்கம் சீவலப்பேரியில் குடிக்கிற தண்ணீரும் ஒன்றல்ல. விளையாட்டில் இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆற்றில் ஓட்டம் குறைவாக இருந்து, நீரேற்று நிலையங்களை வரிசையாக அடுக்கினால், அவை உறிஞ்சுகிற வேகத்தில் கீழே விட்ட கழிவு மேலே ஏறி வந்துவிடும். அதனால் இரண்டுக்கும் இடையே நல்ல தூரம் விடுங்கள். ஆறு வேண்டாம், தண்ணீர்த் தொட்டி போதும் என்றால் அதைச் சுத்தமான மண்ணில் வையுங்கள். ஆலைப் பக்கம் வைத்தால் கெட்டுப்போன நிலத்தடி நீரைத்தான் அது எடுக்கும்.

மின்சாரத்துக்கு நான் காற்றாலை வைத்தேன். பணகுடி, ராதாபுரம் பக்கம் போய்வருகிறவன் வேறென்ன வைப்பான்! வைக்கும்போதே எங்கே காற்று பலம் என்று நிறம் காட்டும், மேடான இடங்களில் பொதுவாக நன்றாக இருக்கும். ஆனால் அது சத்தம் போடும், வீட்டுக்குப் பக்கத்தில் ஆகாது. நிலக்கரி ஆலை ஒன்றிலேயே நிறைய மின்சாரம் கிடைக்கும். ஆனால் மண்ணைக் கெடுக்கும், நிலக்கரி லாரிகளும் வரத் தொடங்கும்.

இனி லாரி விஷயம். நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான், நீங்களும் செலவழியுங்கள்.

எந்த நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது ஆலைக்கு என்று நிறம் பூசி ஒதுக்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் ஒதுக்குவது ஆலைப் பகுதி. ஆலைக்கு மூலப்பொருள் வரும், அங்கிருந்து கடைகளுக்குச் சரக்கு போகும், மிஞ்சியது வெளியூர் போகும். எல்லாமே லாரி. நெடுஞ்சாலையிலிருந்து வரும் ஒரே சாலையின் இருபுறமும் வீடு கட்டி, அதன் கடைசியில் ஆலை வைத்தால், ஒவ்வொரு லாரியும் ஊரைக் கிழித்துக்கொண்டுதான் போகும். மருமகன் செய்திருந்தது அதுதான். நான் ஆலைப் பகுதியை நெடுஞ்சாலையை ஒட்டியே வைத்து, அதற்கென்று தனி இணைப்புச் சாலை போட்டேன். ஊருக்குள் வருவதற்கு வேறு சாலை. முதல் பாகத்தில் ஆலையின் கேடு காற்றில் பரவாது, அதைச் சுற்றியுள்ள மண்ணில்தான் தேங்கும். அதனால் நடுவே கொஞ்சம் இடம் விட்டால் போதும். இரண்டாம் பாகத்தில் புகை காற்றோடு போகும் என்பதால் அங்கே காற்றின் திசையையும் பார்க்க வேண்டும்.

பாலமும் இதே கதைதான். நான் தினமும் வேலைக்கு டவுணுக்குப் போகிறவன். தாமிரபரணிக்குக் குறுக்கே 1843-இல் கட்டின சுலோச்சனா முதலியார் பாலத்தில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு, ஆறு குறுக்கே ஓடும் ஊரில் எங்கே நெரியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். விளையாட்டில் அது இன்னும் மோசம். ஒரு வண்டி கிளம்பும்போதே பாதையை முடிவு செய்துவிடும். வழியில் நெரிசல் என்றாலும் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளாது. நாலு தடம் இருந்தாலும், அடுத்து திரும்ப வேண்டிய தடத்திலேயே எல்லா வண்டியும் வரிசை கட்டி நிற்கும். அதனால் சாலையை அகலப்படுத்துவதில் பெரிய பலன் இல்லை. தூரம் தள்ளி இன்னொரு பாலம் போட்டேன், பழைய பாலத்தில் பாதிக் கூட்டம் குறைந்தது.

சந்திப்புகளும் அப்படித்தான். முக்கியச் சாலையில் பத்தடிக்கு ஒரு குறுக்குத் தெரு திறந்தால் பத்தடிக்கு ஒரு சிக்னல் வரும். குட்டித் தெருக்களையெல்லாம் ஒரு நடுத்தரச் சாலையில் சேர்த்து, அந்தச் சாலையை மட்டும் முக்கியச் சாலையில் விடுங்கள். சாலையின் இருபுறமும் நாலு கட்டம் ஆழத்துக்குத்தான் வீட்டு மனை விழும். அதைக் கணக்குப் பார்த்துத் தெருக்களுக்கு இடையே எட்டுக் கட்டம் விட்டால் இடம் வீணாகாது. நெரிகிற முச்சந்தியில் ஒருவழிச் சாலையைச் சுற்றிப் போட்டு ரவுண்டானா ஆக்கலாம், அநேகமாகச் சரியாகிவிடும். நெல்லை ஜங்ஷனின் ஈரடுக்கு மேம்பாலம் மாதிரி ஒன்று கட்ட எனக்கும் ஆசைதான். பணம் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. கீழே பச்சை, நீலம், மஞ்சளில் மூன்று பட்டைகள் தெரியும்: குடியிருப்பு, கடை, ஆலை இவற்றுக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்று அவை காட்டும். எந்தப் பட்டை உயர்ந்திருக்கிறதோ அதற்குக் கொஞ்சம் மட்டும் ஒதுக்குங்கள், நிரம்பட்டும், அப்புறம் அடுத்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவல் நிலையம் எல்லாம் மக்கள்தொகை ஏற ஏறத் திறக்கும். திறந்த உடனே எல்லாவற்றையும் கட்டினால் வாரச் செலவு வருமானத்தை விழுங்கிவிடும். வரி தொடக்கத்தில் 9 சதவீதம் இருக்கும். ஒன்றிரண்டு கூட்டினால் யாரும் ஊரைக் காலி செய்துவிட மாட்டார்கள். மேலே ஒரு நீலக் குருவி வந்து மக்கள் புலம்பலைச் சொல்லிக்கொண்டே இருக்கும், அதை நான் கண்டுகொள்வதே இல்லை.

மெதுவாக ஒதுக்கச் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. ஒரே நேரத்தில் ஒரு பெரிய குடியிருப்பைத் திறந்துவிட்டால், குடிவருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். கொஞ்ச காலம் ஊர் ஜோராக இருக்கும். பிறகு மொத்தமாகக் கிழடாகி மொத்தமாகச் சாவார்கள். அமரர் ஊர்திகள் போதாது, இருப்பவையும் நெரிசலில் மாட்டிக்கொள்ளும், வீட்டு வாசலெல்லாம் மண்டையோடு. மருமகனிடம் இதைப் போனில் சொன்னபோது, "மாமா, எதோ கொள்ளைநோய்னுல்லா நெனச்சேன்" என்றான். இல்லை, வயசு. பகுதி பகுதியாகக் குடியேற்றினால் சாவும் பரவி வரும்.

மயானமும் குப்பைமேடும் நிரம்பும். நிரம்பினபின் அவற்றைச் சும்மா இடிக்க முடியாது, காலிசெய்யச் சொல்லி ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்த வேண்டும். பிணங்கள் தகன மேடைக்குப் போகும், குப்பை எரியுலைக்குப் போகும். இவை இரண்டையும் முன்பே கட்டி வைத்திருந்தால்தான் காலி ஆகும். குப்பைமேட்டைச் சுற்றி மண் கெடும், அதனால் அது ஆலைப் பக்கமே இருக்கட்டும்.

கூடுதல் பொதிகள் ஏராளமாக விற்கிறார்கள். இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். மூல விளையாட்டிலேயே, ஏறக்குறைய 2 கி.மீ. நீளமும் அகலமும் உள்ள 9 நிலப்பகுதிகள் வரை வாங்கலாம். என் ஊர் இன்னும் அதில் பாதியைத் தாண்டவில்லை. மெட்ரோ ரயில் போடச் சொல்லி மருமகன் நச்சரிக்கிறான். எனக்கு இப்போதைக்கு வேண்டியது ஆலைப் பகுதிக்கு இரண்டாவது வெளிவழி.