தரமான சம்பவமும் மூன்று மண்டையோடும்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கு ஒரு கொமினிகேஷன் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, ரீலோட், தமிழ் டைப்பிங், பாஸ்போர்ட் படம். ஒரு காலத்தில் வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கச் சனம் வரிசையில் நின்ற இடம். இப்போது அந்த வரிசை இல்லை. வேறு ஒரு கூட்டம் வருகிறது. போனை நீட்டி, "தம்பி, இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காச் சொல்லும்" என்று கேட்கிற கூட்டம். பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய அம்மாமார். எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள், சிலர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள். எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார்கள். வாசித்த பிறகுதான் பிரச்சினை.

அப்படித்தான் ஒரு மாமி வந்தார். ஸ்கார்பரோவில் இருக்கும் பேரன் அனுப்பிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறார். பதிலுக்கு வந்தது மூன்று மண்டையோடு. ஒரு சொல் இல்லை. இரவு முழுக்க நித்திரை இல்லையாம்.

"மாமி, சிரிச்சுச் சிரிச்சுச் செத்துப்போனன் எண்டு சொல்லுறான். இப்ப பெடியள் அப்பிடித்தான் போடுறவை."

மாமி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார். "அப்ப என்ர படத்தைப் பார்த்தே சிரிச்சவன்?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? மண்டையோட்டை விளக்கலாம், பேரனை விளக்க முடியாது.

கண்ணீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகத்தைப் போட்டிருந்தால் மாமிக்கு விளங்கியிருக்கும். 2015இல் ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர்கள் அந்த முகத்தையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள், ஒரு எழுத்தும் இல்லாத சொல்லாக. இன்றைக்கு அதைப் போடுகிறவர்கள் எல்லாரும் அங்கிள்மார், அன்ரிமார் என்று என் மகள் சொல்கிறாள். அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்; அதைவிடக் கவனமாக என் வட்ஸ்அப்பைத் திருத்துகிறாள். கட்டைவிரல் போடக்கூடாதாம். அது "சரி சரி, வாயை மூடு" என்கிற மாதிரியாம். நான் ஓடர் எடுப்பதே கட்டைவிரலில்தான். கல்யாணக் கார்ட்டின் மாதிரியை அனுப்புவேன், வாடிக்கையாளர் கட்டைவிரல் போடுவார், அச்சுக்குக் கொடுப்பேன். கனடாவின் சஸ்காட்சுவானில் ஒரு விவசாயி, ஆளிவிதை விற்கும் ஒப்பந்தத்தின் படத்துக்குக் கட்டைவிரல் போட்டுவிட்டுச் சரக்கை அனுப்பாமல் இருந்தார். அந்தக் கட்டைவிரல் கையொப்பத்துக்குச் சமம் என்று 2023இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 82,000 டொலருக்கு மேல் கட்ட வைத்தது. மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா, நீங்க அந்த விவசாயியின்ர வயசு" என்றாள்.

என் அம்மாவின் பழக்கம் வேறு. எந்த வசனத்தையும் மூன்று புள்ளியில்தான் முடிப்பார். "சாப்பிட்டாச்சா..." "இங்க மழை..." "மாமா வந்திட்டுப் போனவர்..." மகளுக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அப்பம்மா ஏதோ மனதில் வைத்துக்கொண்டு கோபமாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வாள். அம்மாவுக்கோ அது மூச்சு விடும் இடம், அவ்வளவுதான். இருவரும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு இப்படிப் பயப்படுகிறார்கள்.

எங்கள் வயதுக்காரருக்கும் இரகசிய மொழி இருந்தது. அதைக் கண்டுபிடித்தது காசில்லாக் கொடுமை. ஒரு ரிங் அடித்து வெட்டினால் வீட்டுக்கு வந்து சேர்ந்தாச்சு. இரண்டு ரிங் என்றால் கீழே நிற்கிறேன், இறங்கி வா. மூன்று என்றால் என்னிடம் காசில்லை, நீயே எடு. பிறகு எஸ்எம்எஸ். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் அடித்தால் 70தான். அதிலும் குற்றும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும். கொழும்பு என்று எழுதினாலே எட்டு இடம் போய்விடும். போதாக்குறைக்குப் பாதிப் போன்களில் தமிழ் எழுத்துப் பெட்டி பெட்டியாகத்தான் வரும். அதனால் தமிழை ஆங்கில எழுத்தில், அதுவும் உயிரெழுத்துகளைக் கழற்றி எறிந்துவிட்டு எழுதினோம். லகர ளகர ழகரம் எல்லாம் ஒன்று. என் கூட்டாளி ஒருவனின் தங்கை "அப்பா வழியில நிக்கிறார்" என்று தட்டி அனுப்ப, இவன் அதை "வலியில" என்று வாசித்து ஆட்டோ பிடித்து ஓடினான். தகப்பன் மருதானையில் கச்சான் கொறித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு எழுத்துக்குக் காசில்லை. ஒரு நாவலையே அனுப்பலாம். பிறகு எதற்கு இந்தச் சுருக்கமும் மறைப்பும்? கடையில் நின்று பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: நாங்கள் காசை மிச்சம் பிடிக்கப் பேச்சைச் சுருக்கினோம், இவர்கள் எங்களை வெளியே நிறுத்தச் சுருக்குகிறார்கள். குறை சொல்லவில்லை. ஐந்து பேர் இரண்டு அறையில் இருக்கும் வெள்ளவத்தைப் பிளட்டில் ஒரு பிள்ளைக்குக் கதவென்று வேறு என்ன இருக்கிறது?

ஆனால் கதவுக்கு வெளியே நிற்பவருக்கு எப்படி இருக்கும் என்பதை ஒரு ஐயாவிடம் பார்த்தேன்.

எங்கள் ஒழுங்கையின் கடைசிப் பிளட்டில் பேரனோடு இருக்கிறார். தாய் தகப்பன் டோகாவில். ஒரு பின்னேரம் சாரத்தோடும் சேர்ட்டோடும் கடைக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. போனில் ரீலோட் முடிந்துவிட்டது, கெதியாகப் போடு, டியூசன் மாஸ்டருக்குக் கோல் எடுக்கவேண்டும் என்கிறார். கை நடுங்கி இலக்கத்தை இரண்டு தரம் பிழையாகச் சொன்னார். ரீலோட் போடுகிற நேரத்தில், என்ன விஷயம் என்று கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டினார். பேரனின் வட்ஸ்அப் ஸ்டேட்டஸ்: "இன்டைக்கு டியூசன்ல தரமான சம்பவம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்னையிலிருந்து மீம் வழியாக வந்து இங்கே குடியேறிய பேச்சு அது. யாரோ யாரையோ நன்றாகக் கலாய்த்துவிட்டான், அல்லது கிரிக்கெட்டில் வெளுத்துவிட்டான் என்றால் "சம்பவம் செய்துவிட்டான்" என்பார்கள். ஐயாவுக்கு அதைச் சொன்னேன். மாஸ்டரும் போனில், இங்கே ஒன்றுமில்லை, பெடியன் பின் வாங்கில் இருந்து ரொட்டி சாப்பிடுகிறான் என்றார். ஐயா கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, உமக்கு ஞாபகம் இருக்கும்தானே. தொண்ணூற்றாறில் மத்திய வங்கியில குண்டு, பிறகு தெஹிவளை ரயிலில குண்டு. ரேடியோவில சம்பவம், சம்பவம் எண்டுதானே சொல்லுவினம். நான் வேலையால வந்து வாசல்ல நிண்டு பிள்ளையளை எண்ணுவன்."

பிறகு பேரனும் ஐயாவும் என்ன கதைத்தார்களோ தெரியாது. இப்போது பேரனின் ஸ்டேட்டஸ் ஐயாவின் போனில் வருவதில்லை. பெடியன் அப்படி செட் பண்ணிவிட்டான். ஐயா என்னிடம், "கொஞ்ச நாளா ஒண்டும் போடுறானில்லை, படிக்கிறான் போல" என்றார். ஓம் ஐயா என்றேன்.

கொழும்பில் இந்தக் குழப்பம் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பதைவிடக் கொஞ்சம் கூட. மூன்று வழியால் பேச்சு வந்து விழுகிறது: சென்னை மீம், டிக்டொக் ஆங்கிலம், பள்ளிக்கூடச் சிங்களம். ஒரே வொயிஸ் மெசேஜில் மூன்றும் இருக்கும். ஊரிலிருந்து வந்து நின்ற எங்கள் பெரியம்மா ஒருவர், என் மகள் தன் சிநேகிதியிடம் "அடோ மச்சான், உருட்டாத" என்று சொன்னதைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டார். பொம்பிளைப் பிள்ளை, இன்னொரு பொம்பிளைப் பிள்ளையை, மச்சான் என்று! கொழும்பில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஆண் பெண் பார்க்காமல் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று மனைவி எடுத்துச் சொன்னார். பெரியம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. உருட்டு என்றால் என்ன என்று (புளுகுவதுதான்) கேட்கவே மறந்துவிட்டார்.

ஒன்று சொல்லவேண்டும். தேவை வந்தால் எங்கள் பெரியவர்கள் யாருக்கும் பின்னால் இல்லை. 2018 மார்ச்சில் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்கியபோது, முடக்கத்தைத் தாண்டிப் போக வீபிஎன் போட்டுத் தரச் சொல்லி என் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் நரைத்த தலைகள். 2019 ஏப்ரலில் மறுபடி முடக்கியபோது அவர்களே தங்களுக்குள் சொல்லிக் கொடுத்துக்கொண்டார்கள். பேஸ்புக் அழித்துவிடும் என்று சில பெயர்களை நடுவில் புள்ளி குத்தி உடைத்து எழுதுவதிலும் எழுபது வயதுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். கொல்வது, சாவது என்ற சொற்களை டிக்டொக் பிடித்துவிடும் என்று ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் "அன்அலைவ்" என்று ஒரு சொல்லை உண்டாக்கினார்களே, அதே வித்தைதான். 2022இல் ஜனாதிபதி கோட்டாபயவை வீட்டுக்குப் போகச் சொல்லிக் காலிமுகத்திடலில் "கோட்டா கோ கம" என்ற போராட்டக் கிராமம் எழும்பியபோது, சிங்களமும் ஆங்கிலமும் கலந்த அந்தப் பகிடியை என் அம்மாவுக்கு யாரும் விளக்கவில்லை. அவரே எனக்கு அனுப்பினார், மூன்று புள்ளியோடு.

இன்னொரு கதையும் இருக்கிறது, அறுபத்தேழு என்ற எண்ணின் கதை.

எங்கள் பெரியப்பாவின் பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர் எல்லாரும் தெஹிவளையில் அவர் வீட்டில் கூடியிருந்தோம். கேக் வெட்டும்போது யாரோ, "பெரியப்பா, எத்தனை வயசு?" என்று கேட்க, அவர் பெருமையாக "அறுபத்தேழு" என்றார். வீட்டிலிருந்த பிள்ளைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தின. இரண்டு உள்ளங்கையையும் விரித்து மாறி மாறி ஏற்றி இறக்கின. பெரியப்பா கத்தியும் கையுமாகத் திகைத்து நின்றார். "என்ன, மரக்கறி நிறுக்கிறியளே?"

பெரியப்பாவுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது, கொமினிகேஷன்காரன் என்ற முறையில். பிலடெல்பியாவில் ஸ்கிரில்லா என்று ஒரு ராப் பாடகர். அவருடைய பாட்டொன்றில் இந்த எண் வருகிறது. ஆறடி ஏழங்குல உயரமான லமெலோ போல் என்ற கூடைப்பந்து வீரரின் வீடியோக்களில் அந்தப் பாட்டை ஒட்டினார்கள். அங்கிருந்து அமெரிக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், உலகம் சுற்றி, தெஹிவளைக்கும் வந்துவிட்டது. டிக்ஷனரி டொட் கொம் என்ற இணைய அகராதி 2025இன் சொல்லாக இதையே அறிவித்தது.

"சரி, கருத்து என்ன?"

"கருத்து ஒண்டும் இல்லை, பெரியப்பா."

அவர் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு எண்ணுக்குக் கருத்து இல்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்களே தவிர ஒருவரும் சொல்லவில்லை, சொல்ல ஏதும் இருந்தால்தானே. கடைசியில் என் மகளைப் பிடித்துக் கையை எப்படி அசைப்பது என்று பழகிக்கொண்டார். கேக் தட்டோடு வந்த பெரியம்மாவுக்குச் செய்து காட்டினார். வீடு அதிர்ந்தது.

அன்றிலிருந்து பெரியப்பா குடும்பக் குரூப்பில் எதற்கெடுத்தாலும் 67 போடுகிறார். தேங்காய் விலை ஏறினால் 67. மின்சாரம் நின்றால் 67. போன வாரம் ஒரு மரண அறிவித்தலுக்குக் கீழே கூட வந்தது. பெரியம்மா அழிக்க வைத்தார். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் கைதட்டினார்கள். அதன்பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. 67 செத்துவிட்டது, பெரியப்பாதான் கொன்றார் என்று மகள் என்னிடம் சொன்னாள். ஒக்ஸ்போர்ட் 2023இல் தேர்ந்தெடுத்த, ஆளைக் கவரும் திறமையைக் குறிக்கும் "ரிஸ்" என்ற சொல்லுக்கும் இதே கதிதான், டியூசன் சேர் அதை வகுப்பில் சொன்ன நாளோடு அதை விட்டுவிட்டார்களாம்.

குடும்பக் குரூப்பில் இப்போது நாங்கள் பெரியவர்கள் மட்டும் கதைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன, ஆள் இல்லை. வேறு குரூப் ஒன்று திறந்திருக்கிறார்கள் என்று கேள்வி. அதற்கு என்ன பெயர் என்று மகளிடம் கேட்டேன். சொன்னாலும் உங்களுக்கு விளங்காது அப்பா என்றாள்.